தேய்மான டெஸ்டுக்குப் பிறகு பின்னின்ரை பாரம் கூடுதெண்டால்

தம்பி, பின்-ஒன்-டிஸ்க் தேய்மான டெஸ்டில (சுத்துற டிஸ்க்கில சின்னக் கம்பித்துண்டை, அதுதான் பின்னை, அழுத்தித் தேய்க்கிறது) சிலிக்கன் கார்பைட் துணிக்கையள் கலந்த அலுமினியப் பின்னை உருக்கு டிஸ்க்கில 1000 மீட்டர் ஓட விட்டாப்பிறகு நிறை குறையிறதுக்குப் பதிலா 0.6 மில்லிகிராம் கூடிக் கிடக்கு, சூப்பர்வைசர் டேட்டா பிழையெண்டு ஏசுறார் எண்டு எழுதியிருந்தீங்கள். அழிச்சுப்போடாதேங்கோ, உது நடக்கிறதுதான். கார்பைட் துணிக்கையள் டிஸ்க்கைச் சுரண்டும், சுரண்டின இரும்பு ஒக்சைட்டா மாறி பின்னின்ரை முகத்தில அப்பிக்கொண்டிருக்கும், லென்ஸ் வச்சுப் பார்த்தா கறுப்பாவோ துருநிறமாவோ ஒரு படை தெரியும்.

ஆனா முதல்ல நிறுத்த விதத்தைப் பாருங்கோ. அசிற்றோன்ல கழுவினது வடிவாக் காயமுன்னம் தராசில வச்சாலோ வெறுங்கையால பிடிச்சாலோ கூடத்தான் காட்டும், நான் ஒருக்கா ரெண்டு கிழமை வேலையை இப்பிடித்தான் துலைச்சனான், இஞ்சத்தைய புழுக்கத்தில விரல் காயிறதே இல்லை.

நிறை சரியெண்டா டிஸ்க்கையும் அளவுங்கோ, தடத்தின்ரை ஆழ அகலத்திலயிருந்து கனவளவு எடுக்கலாம், இந்த டெஸ்டுக்கான தர விதிமுறை ஏஎஸ்டிஎம் ஜி99 உம் தேய்மானத்தைக் கன மில்லிமீட்டரிலதான் கேக்குது. நிறையைக் கனவளவா மாத்த, அலுமினியம் 1 மில்லிகிராம் எண்டா கிட்டத்தட்ட 0.37 கன மில்லிமீட்டர். பின்னின்ரை முகத்தை எஸ்இஎம்-இடிஎஸ்ஸில (என்னென்ன மூலகம் இருக்கெண்டும் காட்டுற எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டி) ஒருக்காக் குடுத்துப் பாருங்கோ, இரும்பு கனக்கக் காட்டினா அந்தப் படத்தையே சூப்பர்வைசரின்ரை மேசையில வையுங்கோ.