பழைய உரிமையாளர் விட்டுப்போன சீலிங் ஸ்பீக்கர்களை மறுபடி பாட வைக்க முடியுமா?

வாங்கிய வீட்டில் அறைக்கு இரண்டு சீலிங் ஸ்பீக்கர், சுவரில் வால்யூம் குமிழ், அலமாரிக்குள் பெயர் எழுதாத ஒயர்க் கொத்து, சத்தமே வராத ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கழற்றாதீர்கள். நாங்கள் குடிவந்த வீட்டிலும் இதே கதைதான், ஆறு அறைகள். இந்த ஏற்பாட்டில் விலைமதிப்பானது சுவருக்குள் ஓடுகிற ஒயர். கட்டி முடித்த வீட்டில் அதை மறுபடி இழுப்பதென்றால் சுவரையும் சீலிங்கையும் உடைக்க வேண்டிவரும். செம்பு ஒயர் அவ்வளவு சுலபமாகக் கெடாது. கெட்டுப்போவது பெரும்பாலும் அலமாரியில் இருக்கும் பெட்டிதான், அதை ஒரே நாளில் மாற்றிவிடலாம். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறவரை எதையும் வாங்கவும் வேண்டாம், எதையும் தூக்கிப் போடவும் வேண்டாம்.

முதல் வேலை, எந்த ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது. ஆம்ப்ளிஃபயரின் மின்சார பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் ஒயர்களை அதிலிருந்து கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன்னால் இப்போது எது எங்கே செருகியிருக்கிறது என்று போட்டோ எடுத்துவிடுங்கள். எல்லா அறைக் குமிழ்களையும் முழுச் சத்தத்தில் வையுங்கள். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ஒரு ஜோடி ஒயரின் முனைகளை அதன் இரண்டு பக்கமும் ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு எடுத்தால், எங்கோ ஓர் அறையில் 'டொக்' என்று கேட்கும். நான் அலமாரியில் உட்கார்ந்து தொட, என் மகள் அறை அறையாக ஓடி "இங்கே, இடது பக்கம்!" என்று கத்த, ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு ஸ்பீக்கரில் பதினொன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒவ்வொன்றையும் அப்போதே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். ஒரே உறைக்குள் நான்கு நிற ஒயர் வந்தால், வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கருக்கு, வெள்ளையும் பச்சையும் இன்னொன்றுக்கு. ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், டொக் சத்தத்தை நம்புங்கள். ஓர் அறையில் ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தால் பாட்டு கேட்கும், ஆனால் அடிச்சத்தம் மெலிந்து வெறுமையாக இருக்கும்.

அப்புறம் மல்ட்டிமீட்டர், அதாவது மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் கருவி. இங்கேதான் நிறையப் பேர் தவறான முடிவுக்கு வருகிறார்கள், நானும் வந்தேன். 8 ஓம் ஸ்பீக்கரை நேராக அளந்தால் 6 முதல் 7 ஓம் வரை காட்டும் என்று படித்திருந்தேன். அலமாரியில் அளந்தால் எல்லா ஜோடியும் 1 ஓம் பக்கத்தில் நின்றன. சுவருக்குள் எல்லா ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டதாக நினைத்து இரண்டு நாள் மனசு கனத்துக் கிடந்தேன். உண்மையில் நான் அளந்தது ஸ்பீக்கரை அல்ல, நடுவில் இருந்த வால்யூம் குமிழை. அந்தக் குமிழுக்குப் பின்னால் இருப்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். மீட்டர் அனுப்புகிற நேர்மின்சாரத்துக்கு அது வெறும் செம்புச் சுருள், அதனால் எண் குறைவாகத்தான் வரும். குமிழைச் சுவரிலிருந்து கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைத் தனியாக அளந்தால் உண்மை தெரியும். மீட்டர் எந்த எண்ணும் காட்டாவிட்டால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போய்விட்டது.

குமிழைக் கழற்றியதும் அதன் பின்பக்கத்தை அவசியம் பாருங்கள். 1, 2, 4, 8 என்று எண்கள் போட்டு ஒரு சின்ன ஜம்பரோ (எடுத்து இடம் மாற்றிச் செருகும் இணைப்புத் துண்டு) சுவிட்சோ இருக்கலாம். இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் முழுக்க அங்கேதான். 8 ஓம் ஸ்பீக்கர்கள் ஆறை ஆம்ப்ளிஃபயரின் ஒரு சேனலில் (இடது அல்லது வலது பக்கம்) பக்கவாட்டில், அதாவது பேரலலாக, இணைத்தால் மொத்தம் 1.3 ஓம்தான் மிஞ்சும். வீட்டில் வைக்கிற சாதாரண ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்காது, சூடாகி நின்றுவிடும், இல்லையென்றால் எரிந்துவிடும். குமிழின் பின்னால் உள்ள ஜம்பரை 4-இல் வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயருக்கு 32 ஓம் போலத் தெரியும். ஆறு சேர்ந்தால் 5.3 ஓம், 4 ஓம் தாங்கும் எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் நிம்மதி. எண்ணைக் கூட்டக் கூட்ட அறைக்குக் கிடைக்கும் சத்தம் குறையும் என்பதால், தேவைக்கு மேல் 8-இல் வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் புது ஆம்ப்ளிஃபயர் மாட்டியும், சத்தம் கூட்டினால் இருபது நிமிடத்தில் அணைந்துகொண்டே இருந்தது. சமையலறையில் மட்டும் பாட்டு மற்ற அறைகளைவிடப் பலமாகக் கேட்கிறது என்று மனைவி சொன்ன பிறகுதான் பிடிபட்டது. அந்த ஒரு குமிழை யாரோ பின்னாளில் மாற்றி, 1-இலேயே விட்டிருந்தார்கள். அதனால் மொத்தம் 3.6 ஓமுக்கு இறங்கியிருந்தது. ஜம்பரை 4-க்கு மாற்றிய பிறகு ஒரு தடவைகூட அணையவில்லை.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம், உள்ளே தொடுமுனைகளில் படிந்த களிம்புதான். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சுவரில் குமிழுக்குப் பதிலாகப் பட்டன்கள் உள்ள பலகை இருந்து, பின்னால் இன்டர்நெட்டுக்குப் போடுவது போன்ற எட்டு மெல்லிய ஒயர்கள் வந்தால் கதை வேறு. ஸ்பீக்கர் ஒயரும் அலமாரிவரை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பலகையை மறந்துவிட்டு நேராக இணைக்கலாம். வரவில்லை என்றால் அது ஏ-பஸ் போன்ற வகையாக இருக்கும். அதில் ஆம்ப்ளிஃபயரே அந்தப் பலகைக்குள்தான் இருக்கிறது. அதனால் இந்த எட்டு ஒயரில் சாதாரண ஆம்ப்ளிஃபயரை மாட்டவே கூடாது.

ஸ்பீக்கர் வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் பல காலம் தாங்கும். ஃபோம் என்றால் வயதாகித் தூளாக உதிரும், அதற்கு வளையம் மட்டும் மாற்றலாம், அல்லது அதே துளை அளவுக்குப் புது ஸ்பீக்கர் போடலாம்.

பழைய ஆம்ப்ளிஃபயரில் எதுவும் செருகாதபோதே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், மின்வழங்கல் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும், தெரிந்தவர் கையில் கொடுங்கள். என்னுடையதைப் பழுதுபார்ப்பதைவிட வேறொன்று வாங்குவதே லாபமாக இருந்தது.

போனிலிருந்து பாட்டு அனுப்புவதெல்லாம் கடைசியில் வருகிற சுலபமான வேலை. வைஃபை ஸ்ட்ரீமர் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் போதும். அறைக்கு ஒரு பாட்டு வேண்டுமென்றால்தான் பல மண்டல ஆம்ப்ளிஃபயர் தேவை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒரே பாட்டு வீடு முழுக்க ஓடி, நாம் நடக்கிற இடமெல்லாம் அறுபடாமல் கூடவே வருகிற சுகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தப் பன்னிரண்டாவது ஸ்பீக்கரையும் போன மாதம் கண்டுபிடித்தேன். ஒயர் அறுந்திருக்கவில்லை, ஸ்பீக்கரின் முனையிலிருந்து கழன்று சீலிங்குக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.