நொதிகளின் கிரேக்கப் பெயர்கள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

புளிப்பைப் பற்றிய உங்கள் கட்டுரையில், இது தொடர்பான அறிவியல் சொற்களில் பல கிரேக்கத்திலிருந்து வந்தவை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் மெட்ரிக் தேர்வுக்கு உயிரியல் படிப்பவர்கள். என்சைம், அமைலேஸ், கிளைக்காலிசிஸ் என்று உருப்போட்டுக்கொண்டிருக்கும் அவர்களுக்கு இந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டினால் பாடம் தானாகவே புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். அது சரிதானா? சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்டின் பெயரில் இருப்பது நம் சர்க்கரைதான் என்று என் தந்தையார் சொல்வார், அது உண்மையா? பிள்ளைகளுக்கு நொதி என்று சொல்லிக்கொடுப்பதா, என்சைம் என்றே விட்டுவிடுவதா?

அன்புடன்,
டொங்காட் வாசகி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

தாராளமாகப் பிரித்துக் காட்டுங்கள். ஆனால் அதனால் பாடம் புரிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயர் வைத்தவர் அன்றைக்கு அந்தப் பொருளைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்பதைத்தான் இந்தக் கிரேக்கத் துண்டுகள் பெரும்பாலும் சொல்கின்றன. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அது பிறந்த ஆண்டையும் கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது.

உயிரினங்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் என்சைமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸூமே என்றால் கிரேக்கத்தில் மாவைப் பொங்கவைக்கும் புளித்த மாவு. தமிழ் விவிலியம் புளித்தமா என்று எழுதும் இடத்தில் மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான். ‘என்’ என்றால் உள்ளே. ஹைடல்பர்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் கூனே 1877-இல் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பெயரை முன்வைத்தபோது, சர்க்கரை சாராயமாக மாறுவதற்கு உயிருள்ள ஈஸ்ட் வேண்டும் என்ற பாஸ்டரின் கட்சிக்கும், அது வேதிவினையே என்ற லீபிக்கின் கட்சிக்கும் இடையிலான வழக்கு தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. உயிருள்ள ஈஸ்டுக்கும் ஃபெர்மென்ட் என்று பெயர், இரைப்பையில் சுரக்கும் உயிரற்ற பெப்சினுக்கும் ஃபெர்மென்ட் என்று பெயர். இந்தக் குழப்பத்திலிருந்து உயிரற்ற பொருளைத் தனியே பிரித்தெடுக்கத்தான் கூனே புதுச்சொல் செய்தார். ஈஸ்டுக்குள் ஏதோ ஒன்று இருந்து வேலை செய்கிறது என்பதற்குமேல் எந்தக் கோட்பாட்டையும் இந்தப் பெயர் குறிக்கவில்லை என்று அவரே எழுதிவைத்தார். பெப்சினையும் கணையத்தில் சுரக்கும் டிரிப்சினையும் அதே பெயருக்குள் கொண்டுவரவும் செய்தார். எனவே, ‘ஈஸ்டுக்குள் இருப்பது’ என்று பிரித்துப் படித்த ஒரு பிள்ளை, நம் வயிற்றில் ஈஸ்ட் ஏது என்று கேட்டால் அது கெட்டிக்காரப் பிள்ளை.

வழக்கு தீர்ந்தது 1897-இல். எடுவார்ட் புக்னர் ஈஸ்டை மணலோடும் கீசல்கர் என்ற நுண்மண்ணோடும் சேர்த்து அரைத்து, துணியில் பொதிந்து அழுத்திச் சாறு பிழிந்தார். சாறு கெடாமல் இருக்கட்டும் என்று சர்க்கரையைக் கலந்துவைத்தார்கள். உயிருள்ள ஒரு செல்கூட இல்லாத அந்தச் சாறு குமிழி விடத் தொடங்கியது. அவர் அதற்கு ஸைமேஸ் என்று பெயரிட்டார், 1907-இல் நோபல் பரிசும் பெற்றார். அது ஒரே பொருள் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் பல நொதிகளின் கூட்டம் என்பது பின்னால் தெரியவந்தபோது அந்தப் பெயர் மெல்ல வழக்கொழிந்தது.

அந்தப் பெயரின் வாலில் இருக்கும் ‘ஏஸ்’தான் இன்று பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படும் துண்டு, வேடிக்கை என்னவென்றால், கிரேக்கத்தில் அதற்குப் பொருளே கிடையாது. 1833-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பாயெனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்றார்கள். டயஸ்டாஸிஸ் என்றால் பிரிந்து நிற்றல். மாவுச்சத்து மணியின் மேலுறையை இது உள்ளிருப்பதிலிருந்து விலக்குகிறது என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் அது மாவுச்சத்தையே சர்க்கரையாக உடைக்கிறது. முதலில் கண்டெடுக்கப்பட்ட நொதிக்கு மரியாதையாக அதன் கடைசி எழுத்துகளை மற்ற நொதிகளுக்கும் சூட்டலாம் என்று எமீல் டுக்ளோ 1898-இல் சொன்னார். ‘ஸ்டாஸிஸ்’ என்ற சொல்லின் நடுவயிற்றில் கத்தியை வைத்து அறுத்த துண்டு அது. இலக்கணக்காரர்களுக்குப் பிடிக்காது, ஆனால் எந்தப் பெயரின் கடைசியில் கண்டாலும் இது நொதி என்று அடையாளம் தெரிகிறது. இங்கே உம்கோம்போதி என்ற பாரம்பரிய பீர் காய்ச்சுகிறவர்கள் சோளத்தை முளைகட்டவைப்பதும் இதே டயஸ்டேஸின் வேலைக்காகத்தான். இன்று அதை அமைலேஸ் என்கிறோம். அமைலோன் என்றால் திரிகையில் அரைக்காதது: கோதுமையை ஊறவைத்து நசுக்கி, பாலைத் தெளியவைத்து மாவுச்சத்து எடுத்ததால் வந்த பெயர். அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சில துண்டுகள் உண்மையாகவே உதவும். லைசிஸ் என்றால் தளர்த்துதல், அவிழ்த்தல். க்ளுக்கூஸ் என்றால் இனிப்பு. கிளைக்காலிசிஸ் சர்க்கரையை அவிழ்ப்பது என்று சொல்லிக்கொடுத்தால் அது பொய்யாகாது. பெப்சினுக்கு 1836-இல் ஷ்வான் எடுத்துக்கொண்ட பெப்ஸிஸ் என்ற சொல் சமைத்தல், பழுத்தல், செரித்தல் மூன்றையும் குறிக்கும். நாம் வடமொழியிலிருந்து வாங்கிப் பயன்படுத்தும் பக்குவம் அதற்கு ஒருவகையில் பங்காளி முறை; இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை.

தவறான நம்பிக்கையோடு சேர்ந்து செத்துப்போன சொல்லும் உண்டு. கொள்ளைநோய்கள் உடலில் ஒருவகைப் புளிப்பாக நடந்துகொள்கின்றன என்று நினைத்து, வில்லியம் ஃபார் 1842-இல் இங்கிலாந்தில் அவற்றுக்கு ஸைமாட்டிக் நோய்கள் என்று பெயரிட்டார். அந்தச் சொல்லைப் பிரித்து என்னதான் படித்தாலும் காலரா புரியாது.

உங்கள் தந்தையார் சொன்னது ஏறக்குறைய சரி. வடமொழிச் சர்க்கரா, பிராகிருதத்தில் சக்கரா ஆகி, கிரேக்கத்தில் ஸாக்கரோன் ஆனது. நம் சர்க்கரையும் அதே வடசொல்லிலிருந்து வந்ததுதான். அதன் முதற்பொருள் பரல், சிறுகல். ஆக, தமிழிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது என்று வகுப்பில் பெருமைப்பட வேண்டாம்; ஒரே வீட்டிலிருந்து இருவரும் வாங்கினோம். மைசிஸ் என்றால் பூஞ்சை.

கரும்பு ஊரான டொங்காட்டுக்கு இன்னும் பொருத்தமான பெயர் ஒன்று இருக்கிறது: லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ். வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகாமல் தாமதப்பட்டால் அதில் பெருகி, சாற்றை வழுவழுப்பாக்கி, சர்க்கரை படிகமாவதைக் கெடுக்கும் நுண்ணுயிர் இது. இட்லி மாவைப் பொங்கவைப்பதும் இதுவேதான். வான் டீகெம் 1878-இல் வைத்த லூக்கோநாஸ்டாக் என்ற பெயரில் லூக்கோஸ் என்பது வெள்ளை. மெசென்டிராய்டிஸ் என்றால் குடலைப் பிணைத்திருக்கும் சவ்வைப் போன்றது. மடிப்பு மடிப்பாகத் திரளும் அந்த வழுவழுப்பின் தோற்றம் மட்டுமே அந்தப் பெயரில் இருக்கிறது. அது சர்க்கரையை என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நொதி என்கின்றன, இலங்கையில் நொதியம் என்கிறார்கள். இங்கே தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் வருவதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போடுங்கள். நொதி என்று சொன்னாலும் தனிப்பெயர்களில் ஏஸ் இருந்தே தீரும். முதல் வகுப்பில் புரோட்டியேஸ், லைப்பேஸ், லாக்டேஸ் மூன்றையும் கொடுத்து, எது எதை உடைக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். லாக்டேஸின் தலை லத்தீன், வால் மட்டுமே கிரேக்கத் துண்டு என்பதை அவர்கள் விடை சொன்ன பிறகு சொல்லிக்கொள்ளலாம்.