மகள் நெருப்பைப் படிக்கப் போகிறேன் என்கிறாளா?

வணக்கம் அம்மா,

"நெருப்போடு மல்லுக்கட்டுகிற வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். ஏணி, ஹெல்மெட், புகைக்குள் ஓட்டம். உங்கள் கண்ணுக்குள் நிற்பது அதுதான். அந்த வேலையும் இதில் உண்டு. ஆனால் உங்கள் மகள் என்னிடம் வந்தபோது, மெழுகுவர்த்தியைச் சாய்த்தாலும் சுடர் ஏன் மேல்நோக்கியே நிற்கிறது என்றுதான் கேட்டாள். தீ அறிவியல் தொடங்குகிற இடம் அது.

சுடர் மேல்நோக்கி நிற்காத ஒரு தீயைச் சொல்கிறேன். 1987 நவம்பரில் லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில், மர எஸ்கலேட்டர் ஒன்றில் சின்னதாகப் பற்றிய தீ, கால் மணி நேரத்துக்குள் மேலே இருந்த டிக்கெட் கூடத்தில் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். அத்தனை சின்னத் தீ அப்படி எப்படிப் பாய்ந்தது? கம்ப்யூட்டரில் கணக்கிட்டபோது, சுடர் நிமிராமல் எஸ்கலேட்டர் பள்ளத்தோடு படுத்தபடியே ஏறுவதாக விடை வந்தது. புரோகிராமில்தான் ஏதோ பிழை என்று நிபுணர்களே சந்தேகப்பட்டார்கள். பிறகு சிறிய மாதிரி ஒன்றைச் செய்து கொளுத்திப் பார்த்தபோது தீ அப்படியே படுத்து ஏறியது. இந்தத் துறைக்காரர்களின் வேலை பெரும்பாலும் இந்த மாதிரிதான். தீ பிடிக்கும் முன்பே அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வது, அணைந்த பிறகு ஏன் அப்படி நடந்தது என்று கண்டுபிடிப்பது.

ஆகவே இயற்பியலும் வேதியியலும் கணக்கும் உறுதியாக இருக்க வேண்டும். (கணக்கு பிடிக்காதவர்களுக்கு இங்கே தீயும் பிடிக்காது.) என்னைக் கேட்டால், முதலில் மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல் மூன்றில் ஒரு பொறியியல் பட்டம், அதன் பிறகு முதுகலையில் தீப் பொறியியல். அமெரிக்காவின் மேரிலாண்ட், ஸ்காட்லாந்தின் எடின்பரோ, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகங்கள் இதில் பேர்போனவை. 'ஆறே மாதத்தில் சான்றிதழ், வேலை உறுதி' என்ற விளம்பரங்களை நம்பி அவசரப்படாதீர்கள். தீயணைப்பானைச் சோதிக்கவும் பதிவேடு எழுதவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். கட்டடத்தின் தீப்பாதுகாப்பை வடிவமைக்க அது போதாது.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேகமாக வளரும் தீயின் வெப்ப வெளியீடு நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று கொள்வார்கள். 150 வினாடியில் ஏறத்தாழ 1 மெகாவாட். அப்படியானால் 300 வினாடியில் எவ்வளவு? அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மெகாவாட் என்று சொன்னால் திரும்பப் போடட்டும். உள்ளே இருப்பவர்கள் வெளியேற எத்தனை நிமிடம் இருக்கிறது என்பது இந்த மாதிரிக் கணக்கிலிருந்துதான் வருகிறது. கை பழகிய பிறகு, தீயும் புகையும் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டும் எஃப்.டி.எஸ். மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம்; அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான நிஸ்ட் அதை இலவசமாகத் தருகிறது. கையால் போடத் தெரியாமல் அதைத் தொட்டால் வண்ணப் படம்தான் மிஞ்சும்.

மொழியையும் விட்டுவிட வேண்டாம். தீ விபத்துப் புலனாய்வாளர் நீதிமன்றத்தில் நின்று பேச வேண்டியவர். சன்னல் கண்ணாடியில் நுண்ணிய வெடிப்புகள் இருந்தால், தீ மிக வேகமாகச் சூடேறியதற்கு அடையாளம், யாரோ எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். சோதித்தபோது, சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டாலே அப்படி வெடிக்கிறது என்று தெரிந்தது. அணைக்க அடித்த தண்ணீரே சாட்சியாகிவிட்ட கதை!

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வடிவமைப்பு, ஆய்வகம், காப்பீடு என்று போனால் பெரும்பாலும் மேசையும் கணினியும்தான். களத்துக்கே போக விரும்பினால் உடல் வலு வேண்டும்; சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு, இருட்டில், குறுகிய இடத்தில் பதறாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியல் வேண்டாம் அம்மா. அந்த 300 வினாடிக் கணக்கைப் போட்ட தாளை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.