முகாமில் காது அக்குபங்சர்: தன்னார்வலர்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: பினாங்கைச் சேர்ந்தவள் நான். அக்குபங்சர் படித்துவிட்டு, இப்போது தாய்லாந்து-மியான்மர் எல்லையில் மே சொட் பக்கம் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். அகதி முகாமில் பலர் தூக்கமில்லாமலும், திடீர்ப் பயத்தாலும் தவிக்கிறார்கள். அவர்களுக்கு உதவ, முகாமிலேயே வாழும் கரேன் இனத்து இளைஞர்கள் 12 பேர் அக்குபங்சர் கற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். பத்து நாள் பயிற்சி போதுமா? எந்தப் புள்ளிகளைச் சொல்லிக்கொடுக்கலாம்?

பதில்: புள்ளிகளை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். உடம்பில் ஊசி போட அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். மார்பிலோ மேல் முதுகிலோ ஆழம் தவறினால் நுரையீரலில் பட்டுவிடும். காது மட்டும் போதும். நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் 1970-களில் போதை மீட்புக்காகத் தொடங்கி, 1985-ல் அமைந்த ‘நாடா’ சங்கத்தின் வழியாகப் பரவிய ஐந்து புள்ளி முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ஷென்மென், சிம்பதடிக், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல். எல்லாமே காதில் இருக்கும் புள்ளிகளின் பெயர்கள்தான். யார் வந்தாலும் இதே ஐந்துதான். நாடி பார்ப்பது, நோயைக் கண்டறிவது எதுவும் கிடையாது. மருத்துவம் படிக்காதவருக்கும் இதைக் கற்றுக்கொடுக்க முடிவது அதனால்தான். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் இதைத்தான் செய்தார்கள். உங்கள் எல்லை முகாம்களிலேயே போதை மீட்பு வேலை செய்யும் டேர் நெட்வொர்க்கும் காது அக்குபங்சரைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. பாடத்திட்டம் எழுத உட்காரும் முன் அவர்களைப் போய்ப் பாருங்கள்.

பத்து நாளில் புள்ளி வரும், கை வராது. அமெரிக்காவில் நாடா பயிற்சி 70 மணி நேரம், அதில் பெரும்பகுதி ஆட்களுக்கு ஊசி போட்டே கற்பது. உங்கள் பத்து நாளையும் ஒரே மூச்சில் தீர்க்காமல், நாலு நாள் வகுப்பு, பிறகு வாரம் இரண்டு அமர்வு உங்கள் கண் முன்னால் என்று நீட்டுங்கள். ஆரஞ்சுத் தோலில் குத்திப் பழகி, அப்புறம் ஒருவர் காதில் ஒருவர், அதற்குப் பிறகே வெளியாள்.

வகுப்பு நேரத்தில் பாதியை எதற்குக் கொடுக்கச் சொல்வேன் தெரியுமா? ஊசியை எண்ணுவதற்கு. காதில் ஊசி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும், தலையைத் திருப்பினாலே விழும். இரண்டு காதுக்கும் சேர்த்து ஒருவருக்குப் பத்து ஊசி, இருபது பேர் உட்கார்ந்தால் இருநூறு. அங்கே பெரும்பாலும் தூண் மேல் கட்டிய வீடு, மூங்கில் தரை. இடுக்கில் நழுவிய ஊசி நேரே கீழே போகும். அங்கே கோழி மேயும், வெறுங்காலோடு பிள்ளைகள் விளையாடும். ஆகவே முதலில் தார்ப்பாய் விரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எத்தனை போட்டோம் என்று சீட்டில் குறிக்க வேண்டும், எடுக்கும்போது ஒன்று குறைந்தாலும் அவரை எழுந்திருக்க விடக்கூடாது. முதலில் தலைமுடியில் தேடுங்கள், பிறகு சட்டை மடிப்பில், கடைசியாகப் பாயில் காந்தத்தை ஓட்டுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதான், எடுத்தவுடன் கெட்டியான டப்பாவுக்குள். டப்பா நிறைந்ததும் அதை எரிப்பது யார் என்று முதல் நாளே மருத்துவமனையோடு பேசி வையுங்கள்.

மியான்மரில் ஹெபடைடிஸ் பி பரவலான நோய். 12 பேருக்கும் தடுப்பூசி போடாமல் ஆரம்பிக்காதீர்கள். மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். இரண்டு தவணையாவது முடியட்டும். ஊசி தன் கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

இனி உளக்காயம். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே, வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதுதான். நடந்ததைச் சொல் என்று யாரும் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக 30, 45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆர்வக்கோளாறில் தன்னார்வலர் கதை கேட்க ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். அந்த ஊர்ப் பக்கம் தலையைத் தொடுவது சின்ன விஷயமில்லை, காதும் தலைதானே. முன்பக்கமாக வந்து, ஊசியைக் காட்டி, கேட்டுவிட்டுத் தொட வேண்டும். கண்ணை மூடச் சொல்லக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது. கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும். சித்திரவதைக்கு ஆளானவருக்கு ஊசியைப் பார்த்ததுமே உடம்பு நடுங்கலாம். அவரை வற்புறுத்தாமல் வட்டத்தில் உட்கார மட்டும் விடுங்கள். பெண்களுக்குப் பெண்களே போடட்டும். வெறும் வயிற்றோடு வந்தவர் மயங்கிச் சாய்வார். ஊசியை எடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள், அடுத்த முறை சாப்பிட்டு வரச் சொல்லுங்கள்.

இது குணமாக்குமா என்று கேட்பார்கள். பயிற்சியில் இதற்கு ஒரு பதிலை மனப்பாடமாகவே கொடுத்துவிடுங்கள்: “கொஞ்சம் அமைதி கிடைக்கலாம், தூக்கம் வரலாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.” இதைத் தாண்டிப் பேச ஆதாரம் இல்லை. கொக்கெயின் பழக்கத்துக்குக் காது ஊசியை 620 பேரிடம் சோதித்த 2002-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், போலிப் புள்ளியில் போட்டதைவிட இது மேல் என்று தெரியவில்லை. 2024-ல் போர் வீரர்கள் 93 பேரிடம் நடந்த ஆய்வில், போர் தந்த மன அதிர்ச்சிக்கு உண்மையான அக்குபங்சர் போலியைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது 24 அமர்வு, அதுவும் முறையாகப் படித்தவர்கள் செய்தது. நம் காது ஊசிக்கு அந்தப் பெருமையைக் கடன் வாங்கக்கூடாது.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், ஊசி வேலை அங்கே முடிந்தது. அவரைத் தனியாக விடாமல் அழைத்துப் போக வேண்டும். எங்கே என்பதற்கு இரண்டு இடங்களை எழுதி வையுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க நிதி நின்றபோது அந்த எல்லை முகாம்களில் மருத்துவமனைகளே மூடப்பட்டதை நீங்களும் அறிவீர்கள். மே சொட்டில் டாக்டர் சிந்தியா மவுங் 1989-ல் தொடங்கிய மே தாவ் மருத்துவமனை இரண்டாவது இடமாக இருக்கலாம்.

உங்கள் 12 பேரும் அதே குண்டுகளுக்குத் தப்பி வந்தவர்கள், அல்லது தப்பி வந்தவர்களின் பிள்ளைகள். வாரம் ஒருமுறை அவர்களும் வட்டத்தில் உட்காரட்டும், நீங்கள் போடுங்கள். ஒருவர் திடீரென வராமல் போனால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள்.

அனுமதி விஷயத்தில் அவசரம் வேண்டாம். தாய்லாந்தில் சீன மருத்துவம் உரிமம் வாங்கிச் செய்ய வேண்டிய தொழில். உங்கள் பட்டயத்துக்கு அங்கே மதிப்பு உண்டா, தன்னார்வலர் ஊசியைத் தொடலாமா என்று சுகாதாரத் துறையிடமும் முகாம் நிர்வாகக் குழுவிடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை வக்காரியா என்ற செடியின் சிறு விதை ஒட்டிய சின்னப் பிளாஸ்திரியை ஷென்மென் புள்ளியில் ஒட்டி, விரலால் அழுத்தப் பழக்குங்கள். தோலைத் துளைக்காது, குழந்தைகளுக்கும் ஒட்டலாம். வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம். மூன்று நாளில் உரித்துவிடச் சொல்லுங்கள், அந்த ஈரக் காற்றில் அதற்கு மேல் விட்டால் அடியில் புண் வரும்.