எக்ஸ்ரே சுத்தம், இருமல் மட்டும் நிற்கவில்லை: ரைஸ் மில் தூசி பற்றி

தம்பி ரைஸ் மில்லில் நெல் கொட்டும் குழியில் நிற்கிறார், ராத்திரி இருமலும் நெஞ்சு இறுக்கமும், லீவு நாளில் குறைகிறது, எக்ஸ்ரே சுத்தம் என்கிறீர்கள். லீவில் குறைவதுதான் முக்கியத் தகவல்; தூசியால் வரும் ஆஸ்துமாவைச் சந்தேகிக்க அது போதும். ஆஸ்துமா பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுங்கள். கூடவே பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று எண்ணில் காட்டும் சிறு கருவி) ஒன்று வாங்கி தினம் 4 வேளை, வேளைக்கு 3 தடவை ஊதி, அதில் அதிகமான எண்ணை எழுதச் சொல்லுங்கள். லீவு நாளும் சேர்த்து 2 வாரமாவது, முடிந்தால் 4. வேலை நாளில் எண் இறங்கி லீவில் ஏறுகிறதா என்றுதான் டாக்டர் பார்ப்பார். இன்ஹேலர் கொடுத்திருந்தால் தானாக நிறுத்த வேண்டாம்.

முகத்தில் கட்டும் துண்டு உமியைத்தான் தடுக்கும். நுரையீரலின் அடிவரை போகும் நுண்பொடி துணி வழியாகவே நுழைந்துவிடும். என்95 மாஸ்க் போட்டு மூக்குக் கம்பியை அழுத்த வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும், மாஸ்க் வீண். காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதும், கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதுவதும் (எல்லா மில்லிலும் செய்வதுதான்) உடனே நிற்கட்டும்.

பூசணம் பிடித்த நெல்லைக் கொட்டி 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வந்தால் அது ஆஸ்துமா இல்லை, வேறு சங்கதி: பூசணத் தூசியால் நுரையீரலில் வரும் அழற்சியாக இருக்கலாம். டாக்டரிடம் மில் வேலை என்று சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.