அம்மாவின் கை வீக்கம்: கையை அசைக்கலாமா?

வணக்கம். அம்மாவுக்கு மார்பக அறுவை சிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருக்கிறார்கள், ரேடியேஷன் முடிந்து சில மாதத்தில் அந்தப் பக்கக் கை வீங்குகிறது, உறவினர்கள் கையை அசைக்கவே கூடாது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும், வீக்கமும் குறையாது.

முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக்கட்டு, நோய் திரும்புதல் இரண்டும் இல்லை என்று அவர்தான் உறுதி செய்ய வேண்டும். அப்புறம் இது லிம்ஃபெடீமா (நிணநீர் தேங்கி வரும் வீக்கம்) என்றால், அதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நிணநீர் வடியும் வழி அடைபட்டதால் நீர் தேங்குகிறது. மிக மென்மையான தடவல், அடுக்கடுக்கான கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. வீக்கம் வடிந்தபின் அளவெடுத்த கம்ப்ரஷன் ஸ்லீவ், அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் உறை, போட வேண்டும். கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டாதீர்கள், இறுக்கம் தவறினால் கெடுதல். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் சூடு ஒத்தடமும் வேண்டாம்.

எடை தூக்குவது பற்றிய பயம் பழையது. 2009-ல் அமெரிக்காவில் லிம்ஃபெடீமா உள்ள 141 பெண்களிடம் நடந்த ஆய்வில், மேற்பார்வையில் மெல்ல மெல்லக் கூட்டிய எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகரிக்கவில்லை, திடீரென மோசமாவது குறையவே செய்தது. ஆனால் அம்மா தானாக ஆரம்பிக்க வேண்டாம், பிசியோ சொல்லட்டும்.

கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்று. மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.