இங்கிலாந்தின் பழைய கதிரடிக் கொட்டகைகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கதிரடிக்க இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு? வெட்டவெளி போதாதா?

அந்த ஊர் வானத்தை நம்பிக் களத்தில் கதிரைக் கொட்ட முடியாது. ஆகஸ்ட் வாக்கில் அறுத்த கோதுமை, பார்லிக் கட்டுகளை அப்படியே உள்ளே அடுக்கிவிட்டு, குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பார்கள். தாளோடு இருக்கும் கட்டு இடத்தை அடைக்கும். லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்மண்ட்ஸ்வொர்த் கொட்டகை 58 மீட்டர் நீளம்!

கேள்வி: எதிரெதிரே இரண்டு பெரிய வாசல்கள் ஏன்?

கட்டடத்தின் உயிரே அதுதான். இரண்டு வாசலுக்கும் நடுவில் உள்ள தரையில்தான் கதிரடிப்பார்கள். நீளக் கழியின் நுனியில் தோல்வாரால் கட்டிய குட்டைத் தடியைச் சுழற்றி அடித்து முடித்ததும் இரண்டு கதவையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே பாயும், அதில் தூற்றினால் பதர் பறந்துவிடும், மணி காலடியிலேயே விழும். பாரம் ஏற்றிய வண்டி உயரமான வாசல் வழியாக வந்து, கட்டுகளை இரு பக்கமும் இறக்கிவிட்டு, எதிர்வாசலில் காலியாகப் போய்விடும், அதனால் பல கொட்டகைகளில் எதிர்வாசல் குட்டையாகவே இருக்கும்.

கேள்வி: இரும்பு ஆணியே இல்லாமல் சட்டகம் எப்படி நிற்கிறது, அண்ணா?

ஓக் மரத்தை ஈரம் காயும் முன்பே இழைத்து, ஒரு மரத்தின் நுனியில் நாக்குப் போலச் செதுக்கிய கழுந்தை இன்னொரு மரத்தின் துளையில் செருகி மரமுளை அடிப்பார்கள். இரண்டு மரத்திலும் முளைக்கான துளையை ஒரே நேர்கோட்டில் போடமாட்டார்கள், கொஞ்சம் விலக்கிப் போடுவார்கள். முளையை அடிக்க அடிக்க அது இரண்டையும் இழுத்து இறுக்கும். தூண்களைக் கவனியுங்கள், பல இடங்களில் மரத்தின் அடிப்பாகம் மேலே இருக்கும், ஏனென்றால் உத்தரமும் விட்டமும் வந்து சேரும் இடத்தில்தான் தடிமன் தேவை.

கேள்வி: சுவரில் இருக்கும் ஒடுக்கமான பிளவுகள் அம்பு எய்யவா?

இல்லை, காற்றோட்டத்துக்கு. ஈரக்கட்டு புழுங்கினால் சூடேறித் தீயே பிடிக்கும். முக்கோணச் சுவரின் உச்சியில் ஓட்டை இருந்தால் அது ஆந்தைக்கு, எலி பிடிக்க.

கேள்வி: எல்லாம் தேவாலயத்துக்கான தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, சேர்த்த இடங்கள்தானே?

சில அப்படி, எல்லாம் இல்லை. ஹார்மண்ட்ஸ்வொர்த்தை வின்செஸ்டர் கல்லூரி 1426-27 வாக்கில் தன் சொந்தப் பண்ணை விளைச்சலுக்குத்தான் கட்டியது. கிரேட் காக்ஸ்வெல் ஊர்க் கொட்டகையும் பியூலி மடத்துத் துறவிகளின் சொந்தப் பண்ணைக்கானது, 1292 வாக்கில் எழுந்த கற்கட்டடம்.

கேள்வி: இவற்றை வீடாக மாற்றுகிறார்களே, சரியா சார்?

இவை ஏன் காலியாயின என்று முதலில் பாருங்கள். 1786-இல் ஆண்ட்ரூ மீக்கிள் கதிரடி இயந்திரம் செய்தார். 1830-இல் கென்ட் பகுதிக் கூலிக்காரர்கள் அந்த இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள், குளிர்காலக் கூலி போனால் வேறு பிழைப்பு ஏது? கடைசியில் இயந்திரம்தான் நிலைத்தது, கொட்டகைகளுக்கு வேலை போய்விட்டது. சும்மா விட்டு இடிந்து விழுவதைவிட யாராவது குடியிருப்பது நல்லது. ஆனால் வாசல்களுக்கு நடுவில் உள்ள அந்த இடத்தில் மாடி போடாதீர்கள். தரையிலிருந்து கூரை வரை அது திறந்தே இருக்கட்டும், படுக்கையறைகளை இரு கோடிக்கும் தள்ளிவிடுங்கள், பெரிய வாசலில் கண்ணாடி வைத்துப் பழைய கதவை வெளியே அப்படியே மாட்டிவிடுங்கள்.